செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருஷம் முழுக்க ஜான் ராபர்ட்சன்

எல்லாருக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் வரவு செலவுக்குள் நான் போகவில்லை. ஹால் வாடகை ஏறிவிட்டது, டீ செலவும் ஏறிவிட்டது, அவ்வளவு மட்டும் சொல்லி வைக்கிறேன். நம் கால்பந்து ரசிகர் சங்கத்தின் சனிக்கிழமை சந்திப்புகள் வழக்கம்போல நடந்தன, லீக் ஆட்டம் இருந்த நாட்களில் கூட்டம் குறைவு, மழை பெய்த நாட்களில் அதிகம். எடின்பரோவில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த ஆண்டின் முக்கிய வேலை மாதாந்திரப் பேச்சு வரிசைதான். ஒரே ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு, அவர் கோல் அடித்த காலத்தையும் பிறகு மேனேஜராக அலைந்த காலத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்று செயற்குழு முடிவு செய்தது. தேர்வானவர் ஜான் ராபர்ட்சன். முதல் கூட்டத்துக்கே ஒரு குழப்பம்: நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்காக 1980 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் கோல் போட்ட ராபர்ட்சன் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், ஆனால் நாம் பேசியது நம் ஊர் ஆளைப் பற்றி, 1964இல் எடின்பரோவில் பிறந்தவர், ஹார்ட்ஸ் அணியின் ராபர்ட்சன். வந்தவர்கள் பாவம், டீ குடித்துவிட்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள், இருவர் உறுப்பினராகவும் சேர்ந்துவிட்டார்கள்.

கோல் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், சீக்கிரம் முடிக்கிறேன். 17 வயதில் ஹார்ட்ஸுக்காக முதல் ஆட்டம், லீக்கில் மட்டும் 214 கோல், அது இன்றும் கிளப் சாதனை. அதே ஊர் எதிரணியான ஹிப்ஸுக்கு எதிராக மட்டும் 27. 1983 செப்டம்பரில் ஹார்ட்ஸின் மைதானமான டைன்காசிலில் ஹார்ட்ஸ் 3-2 என்று வென்ற டெர்பியில், அதாவது ஹிப்ஸுடனான ஊர் மோதலில், இரண்டு கோல் போட்டு ஆரம்பித்தார், அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. நம் சங்கத்தில் இருக்கும் ஒரே ஹிப்ஸ் ரசிகர் அந்த மாதம் மட்டும் விடுப்புக் கடிதம் கொடுத்தார், அது கோப்பில் இருக்கிறது. 1988இல் இங்கிலாந்தின் நியூகாசில் அணி 6,25,000 பவுண்டு கொடுத்து வாங்கியது, அங்கே லீக்கில் ஒரு கோல்கூட இல்லை, அதே டிசம்பரில் ஹார்ட்ஸ் 7,50,000 கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. விற்ற விலையைவிட அதிகம் கொடுத்து மீட்டது சரியா என்று பொருளாளர் கேட்டார். அடுத்த பத்து வருஷம் அவர் போட்ட கோல்களைப் பார்த்துவிட்டு அவரே கேள்வியை வாபஸ் வாங்கினார்.

இத்தனை அடித்தவருக்குக் கோப்பை மட்டும் லேசில் கைக்கு வரவில்லை. 1986இல் டன்டீயில் கடைசி ஆட்டம், டிரா செய்தால் லீக் கைக்கு வந்துவிடும், ஆட்டம் முடிய சில நிமிஷங்கள் இருக்கும்போது டன்டீ அணியின் ஆல்பர்ட் கிட் இரண்டு கோல் போட்டுவிட்டார், கோல் வித்தியாசத்தில் செல்டிக் சாம்பியன். ஒரு வாரம் கழித்து ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியிலும் அபெர்டீனிடம் 3-0 தோல்வி. 1998இல் ரேஞ்சர்ஸை 2-1 என்று வென்று ஹார்ட்ஸ் கோப்பையைத் தூக்கியபோது ராபர்ட்சன் மாற்று ஆட்டக்காரராக வெளியே உட்கார்ந்திருந்தார், களத்தில் இறங்கவில்லை, அதோடு கிளப்பை விட்டும் போய்விட்டார்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி, இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கோல் அடித்தவர் என்ற வகையில் அவரைக் கொண்டாடாத ஆள் இந்த ஊரில் இல்லை, ஆனால் மேனேஜர் என்றதும் "ஹார்ட்ஸில் சரியாக வரலையே" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் யார் என்று பார்க்க வடக்கே, இன்வர்னெஸுக்குப் போக வேண்டும்.

2002 டிசம்பரில் மேனேஜர் ஸ்டீவ் பேட்டர்சன் அபெர்டீனுக்குப் போனதும் இன்வர்னெஸ் கலிடோனியன் திஸில் அணி இவரை அழைத்தது. அப்போது அது இரண்டாம் அடுக்கு அணி. மூன்றே மாதத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை காலிறுதியில் செல்டிக்கை 1-0 என்று வென்று வெளியே அனுப்பியது, டென்னிஸ் வைனெஸ் கோல். அதே வாரம் ஆன்ஃபீல்டில் லிவர்பூலைத் தோற்கடித்துவிட்டு வந்த செல்டிக் அது. அடுத்த பருவத்தில் கீழ் அடுக்கு அணிகளுக்கான சேலஞ்ச் கோப்பை, அப்புறம் லீக் பட்டம், கிளைடு அணியைவிட ஒரே புள்ளி அதிகம், கடைசி நாளில் செயின்ட் ஜான்ஸ்டனை 3-1 என்று வென்றுதான் உறுதியானது. ஜெயித்தும் நிம்மதி இல்லை. மேல் பிரிவில் ஆட 10,000 இருக்கைகள் வேண்டும் என்பது விதி, கெசாக் பாலத்துக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் அந்தச் சின்ன மைதானத்தில் அத்தனை இல்லை. ஒரே இழுபறி, கடைசியில் அபெர்டீனின் பிட்டோட்ரி மைதானத்தில் 'சொந்த' ஆட்டங்களை ஆடலாம் என்று அனுமதி கிடைத்தது. சொந்த மைதானத்துக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம்! இதைப் பேசிய மாதம் ஹாலில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எதைத் தீர்மானமாக எழுதுவது என்று தெரியாமல் நான் பேனாவை மூடிவிட்டேன்.

விதி தளர்ந்து, மைதானம் விரிந்து, அணி 2005 ஜனவரியில் ஊர் திரும்பியபோது ராபர்ட்சன் அங்கே இல்லை. நவம்பரில் ஹார்ட்ஸ் கூப்பிட்டது, போய்விட்டார். போகாமல் இருக்க முடியுமா? அங்கே ஐரோப்பியப் போட்டியில் சுவிட்சர்லாந்தின் பேசல் ஊருக்குப் போய் 2-1 வெற்றி, இரண்டு கோப்பைகளிலும் அரையிறுதி, ஆனால் கிளப் லிதுவேனியத் தொழிலதிபர் ரொமானோவ் கைக்கு மாறியது, மே மாதம் வேலை போனது. ஒரு முழுப் பருவம்கூடக் கொடுக்கவில்லை. இதை வைத்து ஒருவரை எடைபோடுவது நியாயமே இல்லை என்பது செயலாளரின் சொந்தக் கருத்து, செயற்குழுவில் இருவர் மறுத்ததையும் பதிவு செய்கிறேன்.

பிறகு ராஸ் கவுண்டி, லிவிங்ஸ்டன், அயர்லாந்தில் டெரி சிட்டி, எதுவும் நீண்ட நாள் நிலைக்கவில்லை, டெரியில் மட்டும் 2007இல் ஒரு லீக் கோப்பை. அப்புறம் மெத்தில் ஊரில் ஈஸ்ட் ஃபைஃப். மூன்றாம் அடுக்கு, பகுதிநேர ஆட்டக்காரர்கள், பகலில் வேறு வேலை, சாயந்திரம் பயிற்சி. அந்த அணியை 2011 செப்டம்பரில் பிட்டோட்ரிக்குக் கூட்டிப்போய் லீக் கோப்பையில் அபெர்டீனை பெனால்டியில் தோற்கடித்தார். அந்த ஷூட் அவுட்டை ஹாலில் போட்டுக் காட்டினோம், முடிவு தெரிந்தும் யாரும் டீ எடுக்கக்கூட எழவில்லை.

2017இல் இன்வர்னெஸ் இரண்டாம் அடுக்குக்கு இறங்கியதும் மறுபடி அவரைத்தான் தேடியது. 2018இல் சேலஞ்ச் கோப்பை, 2019இல் ஸ்காட்டிஷ் கோப்பை அரையிறுதி, அதில் எதிரணி யார் என்றால் ஹார்ட்ஸ், 3-0 தோல்வி. 2020இல் லீக்கில் இரண்டாவதாக இருந்தபோது கோவிட் வந்து பருவத்தையே நிறுத்திவிட்டது. 2021இல் குடும்பத் துக்கம் காரணமாக விடுப்பில் போனார், பிறகு அதே கிளப்பில் நிர்வாகப் பொறுப்புக்கு மாறினார்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. ஒருவர், ரேஞ்சர்ஸ் 2012இல் நான்காம் அடுக்குக்குத் தள்ளப்பட்டபோது மேனேஜராகக் கூடவே இறங்கிய அலி மெக்கோய்ஸ்ட், இன்னொருவர் ஃபாரஸ்ட் கிரீனிலும் அதே இன்வர்னெஸிலும் சிரமப்பட்ட டங்கன் ஃபெர்குசன். வாக்குச்சீட்டு டீ மேசையில் இருக்கிறது, சந்தா பாக்கி உள்ளவர்கள் முதலில் பொருளாளரைப் பார்த்துவிட்டு வரவும்.

செயலாளர்