ஊர் வாசலில் எதை வைப்பது?

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் பிந்தியதற்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றுமில்லை. முழங்கால் வலி அப்படியேதான். சீனி கட்டுக்குள் இருக்கிறது. மனிசி சுகம். பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு, சித்திரம் ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். இந்தக் கடிதம் நீளப்போவது அவளால்தான்.

கண்டி வீதியால் வந்து ஊருக்குள் நுழையும் இடத்தில் புதிதாக ஏதோ ஒரு கலைப்படைப்பு வைக்கப்போகிறார்களாம். என்ன வைக்கலாம் என்று சனத்திடமே கேட்க ஒரு கூட்டம் போட்டார்கள். பேத்தியைக் கூட்டிப்போகிற சாட்டில் நானும் போனேன்.

அரை மனதோடுதான் போனேன். ஊரில் சிலை வைக்கிற கதை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 2005 மே மாதம் நீ இங்கேதானே இருந்தாய்? பஸ் நிலையத்துப் பக்கம் இரவோடு இரவாக ஒரு புத்தர் சிலை முளைத்தது, அதற்குப் பிறகு ஹர்த்தால், பூட்டிய கடைகள், காவலுக்கு ஆமி. அன்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இப்போது பகல் வெளிச்சத்தில், கதிரை போட்டு, பிளேன்டீயும் தந்து கேட்கிறார்கள் என்றால் போய்ப் பார்க்கத்தானே வேண்டும்.

போனால், சுவரில் ஏற்கனவே மூன்று படங்கள் தொங்குகின்றன. ஒன்றில் தாமரை, ஒன்றில் புறா, மற்றதில் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். மன்னாரில் வைத்தாலும் பொருந்தும், மாத்தளையில் வைத்தாலும் பொருந்தும். எங்கள் ஊருக்கென்று அதில் ஒரு கோடுகூட இல்லை. மூன்றில் ஒன்றுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். அதற்குப் பெயர் கேட்பதா? சாப்பாட்டைச் சமைத்து வைத்துவிட்டு என்ன சமைக்கலாம் என்று கேட்கிற கதைதான். நல்லவேளை, பின்வரிசையில் ஒரு டீச்சர் எழும்பி, முதலில் படங்களைச் சுருட்டி வையுங்கள், பிறகு கதைப்போம் என்றார். அதற்குப் பிறகுதான் கூட்டம் கூட்டமாக இருந்தது.

முதல் அரை மணித்தியாலம் எதில் போனது தெரியுமா? பெயர்ப்பலகையில் திருகோணமலையா, திருக்கோணமலையா என்பதில். ஒரு 'க்' படுத்திய பாட்டைப் பார்த்து, பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா என்னிடம் என்ன சண்டை என்று கேட்டார். விளக்கப்போய் நானே குழம்பிவிட்டேன்.

அப்புறம் வந்த யோசனைகள் வலு சுவாரசியம். கோணேசர் கோயில் பாறையில் இருக்கும் பிளவு, இராவணன் வெட்டு என்றார் ஒருவர். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் உடனே முகங்கள் இறுகின. யாருடையது என்ற கேள்வி வராத ஒன்றைச் சொன்னது அந்தச் சிங்கள அம்மாதான்: நீலத் திமிங்கலம். குடாவுக்குள்ளேயே கடலடி பள்ளத்தாக்காக இறங்குவதால், சோளகக் காற்று வீசும் காலத்தில் அவை கரைக்குக் கிட்ட வருகின்றனவே. அதற்கு எந்தச் சமயமும் இல்லை என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், ஆட்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவையான 'பாதை'யை வைக்கலாம் என்றார். உனக்கு ஞாபகம் இருக்கும். 2009இல் பெரிய பாலம் திறக்கும் வரைக்கும் நாங்களும் அந்த மிதவையில்தானே சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தோம். பழைய நினைவில்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது குறிஞ்சாக்கேணியை. 2021 நவம்பரில் அங்கே பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தண்ணீரில் போய்விட்டார்கள். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவர் வேறொன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார். ஊரின் வாசலில் துக்கத்தை வைக்கலாமா, கூடாதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் காரியமான கதை கதைத்தார். எதை வைத்தாலும் உப்புக்காற்றை யோசியுங்கள் என்றார். கொங்கிறீட்டுக்குள் உப்பு இறங்கினால் கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதினால் மேலே வெடிக்கும். பத்து வருஷத்தில் திமிங்கலத்துக்குச் செதில் உதிரும் என்று பகிடி வேறு. நான் இங்கிலாந்தில் உங்கள் கேற்ஸ்ஹெட்டில் நிற்கும் 'வடக்கின் தேவதை' சிலையைப் பற்றிச் சொன்னேன். 20 மீற்றர் உயரம், 54 மீற்றர் சிறகு, துருவே தோலாகிக் காக்கும் உருக்கு என்று நீ எழுதியதை அப்படியே ஒப்புவித்தேன். அந்தத் துருத்தோல் கடலுப்புக்கு முன்னால் சரியாகப் பிடிக்காது என்று ஒரே வசனத்தில் என்னை இருத்திவிட்டார்!

வீட்டுக்கு வரும் வழியில் பேத்தியைக் கோட்டை வாசலுக்குக் கூட்டிப்போய் கல்லில் செதுக்கிய அந்த இரட்டைக் கயலை, பாண்டியரின் மீன் சின்னத்தைக் காட்டினேன். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்தர் வந்தார்கள், பிரித்தானியர் வந்து 1803இல் பிரெட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். வாசல் கல்லில் மீன் இன்னும் தெரிகிறது, பக்கத்தில், அந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் பெயரோடு தமிழ் எழுத்தும். வாசலில் என்ன வைப்பது என்று கூட்டம் போடுகிற ஊரில், இப்படி ஒரு வாசல் இருப்பதை அங்கே ஒருவருமே சொல்லவில்லை. நான் உட்படத்தான்.

என் விருப்பத்தைக் கேட்டால், கருங்கல்லில் தாழ்வாக ஒரு நீளத் திண்ணை, மேலே நல்ல நிழல். அந்த இடத்தில் சனம் பஸ்ஸுக்கு நிற்கிறது. கச்சான் காற்று அடிக்கும் ஓகஸ்ட் மாதத்தில் அண்ணாந்து பார்க்க யாருக்கு மனம் வரும்? திண்ணையின் பக்கங்களில் திமிங்கலம், பாதை, கரைவலை எல்லாவற்றையும் செதுக்கட்டும். கல்லென்றால் காசு கூடும் என்பார்கள். கூடட்டும், மெதுவாகச் செய்யட்டும்.

அடுத்த கூட்டத்துக்குத் திகதி சொல்லவில்லை. அதற்குள் நீ ஒரு வேலை செய். 1998இல் தேவதையை நிறுத்துவதற்கு முன்னால் அது வேண்டாம் என்று நின்ற கிழவர்கள் உன் தெருவில் இன்னும் யாராவது இருந்தால், எப்போது மனம் மாறியது என்று கேட்டு எழுது. ரசிகர்கள் தேவதைக்குக் காற்பந்தாட்டச் சட்டையைப் போட்டுவிட்ட அன்றா, அதற்கு முன்பேயா?

பேத்தி, எங்கள் ஊருக்குள் திரியும் மான் ஒன்றை வரைகிறாள். வாயில் பொலித்தீன் பையோடு. அதை வாசலில் வைக்க விடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மான் என்றதும் ஞாபகம் வருகிறது: நீ நட்டுவிட்டுப் போன செம்பருத்தியைப் போன கிழமை அடியோடு தின்றுவிட்டன. மனிசி உனக்கு எழுத வேண்டாம் என்றாள்.

அன்புடன்,
உன் மச்சான்