அரசு மேல்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

சங்கத் தலைவர் அவர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், இங்கே படித்து வளர்ந்த அனைவருக்கும் வணக்கம்.

இந்த அறிக்கை வழக்கமாகப் பொதுத்தேர்வு முடிவில் தொடங்கும். அதைத் தலைமையாசிரியர் தம் உரையில் விரிவாகச் சொல்லவிருக்கிறார். நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடமிருந்து தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்பில் அவள் என்எம்எம்எஸ் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றாள். ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டாத வீட்டுப் பிள்ளைகளுக்கான தேசிய படிப்புதவித் தேர்வு அது. மனத்திறனுக்கு ஒரு தாள், பாடங்களுக்கு ஒரு தாள்; ஒவ்வொன்றிலும் 90 வினா, 90 நிமிடம். தமிழ்நாடு முழுமைக்கும் 6,695 இடங்கள்தான். அதில் ஓர் இடம் நம் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைத்தது. மாதம் 1,000 ரூபாய் வீதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிய, நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். இறைவணக்கக் கூட்டத்தில் கைதட்டினோம், புத்தகம் பரிசளித்தோம். ஆனால் மாதங்கள் போயும் பணம் வரவில்லை.

காரணம் ஓர் இனிஷியல். பள்ளிப் பதிவில் அவள் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து; ஆதாரில் தந்தையின் பெயர் முழுதாக, அதுவும் பெயருக்குப் பின்னால். வங்கிக் கணக்கில் மூன்றாவது விதமாக. இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் அவளுடைய அம்மா அலைந்த ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போனது. நம் உறுப்பினர் ஒருவர், அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பின்பு அவர்களோடு தானே போகத் தொடங்கினார். எந்த இடத்தில் எந்தச் சான்று, எதை முதலில் திருத்த வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுத்தார். இப்போது பணம் வருகிறது. இந்த ஆண்டு சங்கம் செய்த வேலைகளில் இதையே முதலாவதாக வைக்கிறேன்.

இதைச் சொல்லும்போது ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். இந்த உதவித்தொகையை ஒவ்வோர் ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். அது தெரியாமல் முன்பு நம் மாணவன் ஒருவனுக்குத் தொகை இடையில் நின்றுபோனது. விசாரித்து வைத்திருக்க வேண்டியவன் நான். அந்தப் பையனிடமும் அவன் பெற்றோரிடமும் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். அன்றுமுதல் சங்கத்தில் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தப் பிள்ளைக்கு எந்த உதவி, எப்போது புதுப்பிக்க வேண்டும், யார் நினைவுபடுத்துவது என்று ஆள்வாரியாக எழுதியிருக்கிறது. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வுக்கும் பதினொன்றாம் வகுப்பினருக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வுக்கும் விண்ணப்பிப்பவர்களும் அதே நோட்டில் சேர்க்கப்பட்டுள்ளனர். இலக்கியத் தேர்வில் தெரிவாகும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடமே அதற்குப் போதும். அதற்கான சனிக்கிழமை வகுப்பை நடத்தித் தந்த தமிழாசிரியை அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெயர்ப் பிழை புதிய நோய் அல்ல. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்கள் பலர், 1978இல் மேல்நிலை வகுப்புகள் வருவதற்கு முன், பதினொன்றாம் வகுப்பில் எஸ்எஸ்எல்சி எழுதியவர்கள். இன்றும் நம் பள்ளியைப் ‘போர்டு ஹைஸ்கூல்’ என்றே சொல்கிறார்கள். அவர்களைச் சேர்க்க வந்த தாத்தாவோ மாமாவோ வாயில் சொன்னதுதான் பெயர். ஜூன் மாதச் சேர்க்கைக்கு வயது சரியாக வரும்படி ஆசிரியர் எழுதியதுதான் பிறந்த தேதி. அந்தப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. கோடை விடுமுறையில் அவற்றைத் தூசு தட்டி, வேப்பிலை போட்டு, இரும்பு அலமாரிக்கு மாற்றினோம். அந்த வேலையில் தன் தந்தை சேர்ந்த நாளின் வரியை ஓர் உறுப்பினர் கண்டார். பெற்றோர் கையொப்பத்தின் இடத்தில் பெருவிரல் ரேகை இருந்தது. நெடுநேரம் அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

இன்னொரு நிகழ்வு. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகளைப் பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்ற ஒரு தந்தை கடன் வாங்கத் தயாராக இருந்தார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு ஆண்டுக்கு மாறினால் முதல் ஐந்து ஆண்டின் உரிமையும் போய்விடும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அவள் கைக்கு வராது. இதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நம் தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் இப்போது நம் பள்ளியில்தான் உயிரியல் பிரிவில் படிக்கிறாள்.

விளையாட்டில் பெண்கள் கபடி அணி குறுவட்டப் போட்டியில் வென்று மாவட்டப் போட்டி வரை போனது. திடலின் மேற்குப் பக்கப் பள்ளத்தை மண் கொட்டி நிரப்பினோம். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகளின் பறையிசை பாராட்டுப் பெற்றது.

மார்ச் பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தவறிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. முடிவு வந்த அன்றே ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வகுப்பாசிரியர் இரண்டு முறை தேடிப் போய்த் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வைத்தார். நம் உறுப்பினர் ஒருவர் மாலை நேரத்தில் கணக்குப்பதிவியல் சொல்லிக் கொடுத்தார். அவன் தேறினான்; கல்லூரியில் சேர்ந்தான். 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவனுக்கும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பள்ளிச் சுவரில் உள்ள முதல் மதிப்பெண் பலகையில் இவன் பெயருக்கு இடமில்லை. இவனுக்கும் ஒரு பலகை வேண்டும் என்பது என் கருத்து; செயற்குழு அதை விவாதிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அங்கே உள்ள பிழை மதிப்பெண் சான்றிதழுக்குப் போய்விட்டால் திருத்துவது பெரும்பாடு. ஆகவே எட்டாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றை ஆதார், வங்கிக் கணக்கு, எமிஸ் மூன்றிலும் ஒப்பிட்டுச் சரிபார்க்க ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாளன்று முகாம் நடத்த வேண்டும். அன்று காலை முதல் மாலை வரை இருக்கக்கூடியவர்கள், குறிப்பாக இணைய விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இளைய உறுப்பினர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடமுள்ள நோட்டில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதித் தாருங்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்காக மாலை ஆறு மணிக்கு மேலும் இரண்டு பேர் தேவை.

அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்