நாலு நாள்தானே என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிவருவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில் ஒரு வரி: ‘தொடக்கப் பள்ளிப் பிள்ளைதானே, நாலு நாள் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.’ படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதியவர் பட்டணத்துப் பிள்ளைகளை நினைத்து எழுதியிருப்பார். உங்கள் பத்திரிகை பென்னாகரம் டீக்கடை பெஞ்சிலும் கிடக்கிறது, ஐயா. அங்கே அந்த வரியை வாய்விட்டுப் படிக்கிறவர், மகளைப் புளி தட்டி ஓடு எடுக்கும் கூலி வேலைக்கு உட்காரவைத்துவிட்டு டீ குடிக்க வந்தவர்.

நான் 1985 முதல் 2022 வரை பென்னாகரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பாடம் நடத்தியதில்லை என்றாலும் பிள்ளைகளுக்கு நான் ‘சத்துணவு டீச்சர்’. கடைசிவரை முறையான காலமுறைச் சம்பளம் கிடைக்கவில்லை, அந்தக் குறையைத் தனியாக எழுதுகிறேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது எனக்கு அரிசியை அளக்கும்போதே தெரிந்துவிடும். தொடக்கப் பள்ளியில் ஆளுக்கு 100 கிராம். காலையில் ஒரு பிள்ளை துண்டுச் சீட்டில் எண்ணிக்கை கொண்டுவந்து நீட்டும். பத்துப் பிள்ளை வரவில்லை என்றால் ஒரு கிலோ குறைத்துப் போடவேண்டும். ஆயுத பூஜைக்கு முன்னால் சாமந்தி பறிக்கிற வாரம் குறையும். கடலைக்காய் பிடுங்கும்போது குறையும். பொங்கல் முடிந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புகிறவர்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாசி, பங்குனியில் புளி வந்துவிட்டால் பாதிப் பானைதான்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மாசியில் மூன்று வாரம் வரவில்லை. திரும்பி வந்த அன்று தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், சாம்பார் சாதத்தில் கை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துவிட்டாள். விரலைப் பிடித்துப் பார்த்தேன். நுனியெல்லாம் கறுத்து, நகக்கண்ணில் புளி ஏறி வெடித்திருந்தது. அன்று நான்தான் ஊட்டிவிட்டேன்.

புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அந்த மூன்று வாரத்தில்தான் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடத்தி முடித்திருந்தார்கள். 52-இல் 27 போனால் 35 என்று எழுதுவாள். 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்துவிடுவாள். மூன்றாம் வகுப்பிலும் 35, ஐந்தாம் வகுப்பிலும் 35. எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அதில் எனக்கு மறுப்பில்லை, நிறுத்தியிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பாள். ஒன்பதாவதோடு நின்றுவிட்டாள். ‘எனக்குக் கணக்கு ஏறாது டீச்சர்’ என்றாள். எத்தனை கிலோ புளி தட்டினால் எவ்வளவு கூலி என்று அந்த வயதிலேயே விரல்விட்டுச் சொன்னவள் அவள்.

கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 நாள் பள்ளி நடக்க வேண்டும். மாதம் இரண்டு நாள்தானே என்று விட்டால் பத்து மாதத்தில் 20 நாள். ஐந்து வருஷத்தில் 100 நாள், அதாவது அரை வருஷப் படிப்பு. பெரிய பிள்ளை பக்கத்து வீட்டில் நோட்டு வாங்கி எழுதிக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளை யாரிடம் நோட்டு வாங்கும்? கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1-ஆம் தேதி சின்ன வகுப்புகளைத் திறந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பல வருஷமாக மனதில் கிடக்கிறது. ஒருமுறை உங்கள் பத்திரிகையில் அழகான புகைப்படம் ஒன்று வந்தது. புளி ஓடு உடைக்கும் பாட்டி, பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பேத்தி. ‘பாட்டிக்குக் கைகொடுக்கும் பேத்தி’ என்று கீழே போட்டிருந்தீர்கள். எடுத்தது புதன்கிழமை என்று தேதி சொன்னது. அன்று பள்ளி உண்டு, மதியம் முட்டையும் உண்டு. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ‘சொல்லிவிடுகிறோம்மா’ என்றார்கள். கடிதமும் போட்டேன், அது பத்திரிகையில் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் தேர்ச்சி விகிதம் வந்தவுடன் தருமபுரியைப் ‘பின்தங்கிய மாவட்டம்’ என்று எழுத மட்டும் இடம் இருக்கிறது. பத்தாவதில் தோற்கிற பிள்ளை எந்த வகுப்பில், எந்த மாதத்தில் விட்டதால் தோற்றது என்று ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டதுண்டா?

சாப்பாடு போட்டால் வந்துவிடுவார்கள் என்பதும் பாதிதான் உண்மை. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் காலைச் சாப்பாடும் உண்டு. சுய உதவிக் குழுவில் என் மருமகள்தான் எங்கள் ஊர்ப் பள்ளியில் சமைக்கிறாள். பிள்ளைகள் எட்டு மணிக்கே ஓடிவருகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொல்வாள். புளிக் காலத்தில், சாப்பிட்டுக் கை கழுவியதும் வாசலில் நிற்கிற அப்பா கூட்டிக்கொண்டு போவதையும் அவள்தான் சொல்கிறாள்.

கேட்பது சின்ன உதவிதான். முதல் பக்கத்தில் நாலு வரி, கட்டம் கட்டிப் போடுங்கள். வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் பிள்ளையை அங்கே உள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் பல பேருக்கு இது தெரியாது. கூடவே கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐயும் போடுங்கள். தை மாதத்திலேயே போட்டுவிட்டால் நல்லது. மாசியில் போட்டால் படிக்க வேண்டியவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.