தாவும் குறுந்தகடும் தேவையற்ற செலவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாட்டின் நடுவே தாவும் சி.டி. பிளேயரைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்று அண்மையில் ஒரு வாசகர் எழுதியிருந்ததை என்னால் ஏற்க இயலவில்லை.

ஒரே தகடு ஒரே இடத்தில் தாவினால், பெரும்பாலும் குறை தகட்டில்தான் இருக்கும். அதை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், பதிவுத் தடத்தின் போக்கிலேயே நீண்டு, விடுபட்ட ஒலித் தகவலைக் கருவி தானே சரிசெய்துகொள்ளும் பிழைதிருத்தத்துக்கும் அடங்காமல் போய்விடும். அச்சிட்ட மேற்புறத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை; ஆனால் 1.2 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதால், அங்கு ஆழமாக விழும் கீறலுக்கு மருந்தே இல்லை.

எல்லாத் தகடுகளும் தாவினால், லேசர் ஒளியைத் தகட்டில் குவிக்கும் லென்ஸைப் பார்க்க வேண்டும். என் பிளேயருக்கு லேசர் பாகத்தையே மாற்றச் சொன்னார் கடைக்காரர். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் அழுத்தாமல் துடைத்தேன். பஞ்சில் சாம்பல் நிறக் கறை ஒட்டியது, தாவலும் நின்றது. தகடு உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுவதால், கடைசிப் பாடல்கள் மட்டும் தாவினால் லேசர் நகரும் தண்டில் இறுகிய கிரீஸையும் சந்தேகிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்