பந்தலைப் பிடித்திருக்கும் கொடிகள்: எங்கள் திருச்சபையை நடத்தும் சேகரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான போதகர் ஐயரவர்களுக்கும் சேகரக் குழுவினருக்கும்,

கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள். அடுத்த வருட நிகழ்ச்சிகளைப் போன ஞாயிறு வாசித்தீர்கள். கன்வென்ஷன், ஸ்தோத்திரப் பண்டிகை, அசன விருந்து, விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் முகாம் என்று ஒரு மாதம்கூட விடவில்லை. அத்தனையும் நல்ல காரியங்கள்தான். ஆனாலும் கேட்கக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

அக்காவைக் கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அங்கே திராட்சைத் தோட்டத்தில் கவாத்து, அதாவது கொடி கழிப்பது, நடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். வெட்டிய கொடி உடனே கீழே விழவில்லை. அதன் சுருள்கள் பந்தல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. இலையும் பச்சையாகவே இருந்தது. எது வெட்டுப்பட்டது, எது படாதது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒன்பது வருடம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினேன். பாடம் தயாரிக்க மட்டுமே வேதத்தைத் திறந்தேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்த இரவு, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபிக்க உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபம் வந்தது, என் ஜெபம் வரவில்லை. சபையை விடாமல் பிடித்திருந்தேன். ஆண்டவரை எப்போது விட்டேன் என்றே தெரியவில்லை. என்னைப் பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்காது.

யோவான் சுவிசேஷம் 15-ஆம் அதிகாரத்தை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். 'நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்' என்று சிலுவைக்கு முந்தின இரவு இயேசு சொன்னது. கனிகொடுக்கிற கொடியைப் பிதா 'சுத்தம்பண்ணுகிறார்' என்று இரண்டாம் வசனத்தில் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்குக் கிளை கழிப்பது என்றும் பொருள் உண்டு. அதாவது காய்க்காத கொடிக்கு மட்டுமல்ல, காய்க்கிற கொடிக்கும் கத்தி உண்டு. அக்கா வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள்: கவாத்து பண்ணாமல் விட்டால் பந்தல் நிறைய இலை அடைத்துக்கொள்ளும், குலை சிறுத்துப்போகும். புதுத் தளிரில்தான் பழம் வரும்.

நம் சபையில் கனி எப்படி இருக்கிறது? சொத்துத் தகராறில் வருடக்கணக்காகப் பேசாத அண்ணன் தம்பி இருவரும் ஒரே திருவிருந்துக்கு வந்து முழங்கால்படியிட்டுப் போகிறார்கள். படுக்கையில் இருக்கும் பாட்டிமார்களைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எல்லாரும் ஏதாவது ஒரு கமிட்டியில் இருக்கிறோம். கலாத்தியர் 5:22-இல் அன்பும் சமாதானமும் நீடிய பொறுமையும்தானே ஆவியின் கனி?

அதனால் கேட்கிறேன். அட்டவணையிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளையாவது எடுத்துவிடுங்கள். நன்றாக நடக்கிற ஒன்றாகவே இருந்தாலும் சரி. அந்த நாட்களில் வீடுகளுக்குப் போவோம், அந்த அண்ணன் தம்பி வீட்டுக்கு முதலில். அப்புறம், ஞாயிறு ஆராதனை 8 மணிக்கு என்றால் 7 மணிக்கே கோயிலைத் திறந்து வையுங்கள். மைக் வேண்டாம், பாடகர் குழு வேண்டாம், யாரும் நடத்தவும் வேண்டாம். வருகிறவர்கள் வேதத்தோடு சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

சாவிப் பொறுப்பை என்னிடம் தந்தாலும் சந்தோஷமாகச் செய்வேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபைச் சகோதரி