60 பிள்ளைகளுக்கு ஒரே புத்தகமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம் பக்கம் கடலோரப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். பாடம் எடுக்கிறவள் இல்லை, அரிசி அளந்து போடுகிறவள். ஆனாலும் பிள்ளைகள் தட்டோடு காத்திருக்கும் அந்த அரை மணி நேரம் என் பொறுப்பில் இருப்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

போன ஆண்டு விழாவில் வெளியூர் அன்பர் ஒருவர் 60 பிள்ளைகளுக்கும் புத்தகம் பரிசளித்தார். நல்ல மனசு, அதில் குறை இல்லை. ஆனால் 60ம் ஒரே புத்தகம். பெரியவர்களின் பொன்மொழிகள், பொடி எழுத்து, படமே கிடையாது. அடுத்த வாரம் ஒரு வீட்டில் பாசி காயப்போட்ட தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் கல், மறு மூலையில் அந்தப் புத்தகம். எல்லார் கையிலும் ஒன்றே இருந்தால், “உன்னுதுல என்ன இருக்கு, காட்டு” என்று யார் யாரிடம் கேட்பார்கள்?

அப்புறம் ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவுக்குப் போனபோது என் காசில் 14 புத்தகம் வாங்கினேன். 14ம் வேறு வேறு. எல்லாம் ஒல்லிப் புத்தகம், பெரிய எழுத்து. பள்ளியில் இருந்த அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்து அச்சடித்தவை அவை. சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு தூணுக்கு நடுவே தங்கூசியை, அதாவது தூண்டில் போடுகிற நைலான் நரம்பைக் கட்டி, துணி கிளிப் போட்டு எல்லாவற்றையும் தொங்கவிட்டேன். உப்புக் காற்றில் புத்தகத்தின் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்று வந்துவிடுகிறது. அதனால் பின்னைப் பிடுங்கிவிட்டுக் கோணி ஊசியால் தைத்துவிடுவேன்.

எது ஓடும், எது ஓடாது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது. நான் ஆசையாக வாங்கிய அரசர் கதை இன்னும் புத்தம் புதிதாகத் தொங்குகிறது. யானை குசு விடுகிற கதை ஒன்று, ஒரே வாரத்தில் அட்டை கழன்றது. ஆசிரியை ஒருவர் முகம் சுளித்தார், பிறகு அவரே வாசித்துவிட்டுச் சிரித்ததையும் பார்த்தேன். மீன்பிடிப் படம் போட்ட புத்தகம் ஒன்றில் ஒருவர் வள்ளத்தின் விளிம்பில் நின்று வலை வீசுவார். “எங்கப்பா இப்படி நின்னா தண்ணிக்குள்ளதான் கிடப்பாரு” என்றாள் நான்காம் வகுப்புப் பிள்ளை. அதைக் காட்டிச் சிரிப்பதற்காகவே அந்தப் புத்தகத்தைப் பத்துப் பேராவது எடுத்துவிட்டார்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ‘நுழை’ புத்தகத்தைத் தொட்டால் மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்று அந்தப் பக்கமே வரமாட்டான். “டேய், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக சத்தம் தாங்கலடா, ரெண்டு கதை வாசிச்சுக் காட்டேன்” என்றேன். சின்னதுகளுக்கு வாசிக்கிற சாக்கில் தை மாதத்துக்குள் ‘நட’ புத்தகங்களுக்கு வந்துவிட்டான். இப்போது முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டுபோய் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறான்.

ஒரு நாள் பார்வையிட வந்த ஒருவர், படித்துக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பி “கதையின் நீதி என்ன?” என்று கேட்டார். அன்று சாயங்காலம் வரை ஒருவரும் கிளிப்பில் கைவைக்கவில்லை.

பரிசு தருகிற பெரும்பாலோர் மேடையில் கலாம் ஐயாவைச் சொல்லாமல் இறங்குவதில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் அது இயல்புதான். ஆனால் அவர் சிறுவயதில் ராமேஸ்வரத்தில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகம் இரவல் வாங்கிப் படித்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறாரே, அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு மனிதர் வீட்டில் நிறையப் புத்தகம் வைத்திருந்தார், கேட்ட பையனுக்குக் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம்.

எனவே அன்பர்களே, அதே பணத்துக்கு 60 வேறு வேறு புத்தகம் வாங்குங்கள். முடிந்தால் நாலு பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப்போய் அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள்.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பீரோவைப் பூட்டுவதற்குக் காரணம் இருப்புப் பதிவேடு என்று எனக்குத் தெரியும். நானும் முட்டைக்குக் கணக்கு எழுதுகிறவள்தான். ஆனால் கிழிந்ததையும் தொலைந்ததையும் கழித்து எழுத அதிகாரிகள் மனம் வைத்தால் பூட்டு தேவைப்படாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. அந்த நாட்களில் புத்தகங்கள் பீரோவில் கிடக்காமல் வீடுகளுக்குப் போகட்டும்.

போன கோடையில் நான் கொடுத்தனுப்பியவற்றில் ஒன்று மட்டும் திரும்பவில்லை, கடல்பசுவைப் பற்றிய படப்புத்தகம். எங்கள் பக்கம் அதை ஆவுளியா என்போம். மூன்றாம் வகுப்புப் பையனைக் கேட்டேன். “தாத்தாட்ட இருக்கு டீச்சர். ஆவுளியாவ இப்படியா வரைவாங்கன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டிக்கிட்டு இருக்காரு. முடிச்சதும் தர்றாராம்.”

— ஒரு சத்துணவு அமைப்பாளர்,
மண்டபம் ஒன்றியம், ராமநாதபுரம் மாவட்டம்.