நாலு மணி விழிப்பு

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீ, அத்தான், பிள்ளைகள் நலமறிய ஆவல். சாயங்காலம் ஆனால் மழை, துணி காயவே மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதம் நம் அம்மாவைப் பற்றியது. ஆனால் என் அத்தையிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அத்தை ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். இப்போது டவுனில் எங்களோடு இருக்கிறார். விடிகாலை நாலு மணிக்கே எழுந்து இருட்டில் உட்கார்ந்திருப்பார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பழக்கம் என்று நாங்கள் விட்டுவிட்டோம். தலை பாரம், உடம்பெல்லாம் குத்துது, சோறு இறங்கலை என்பார். காற்றுப் பிடித்திருக்கிறது என்று தைலம் தேய்த்தோம். முனியாண்டி கோயிலில் கயிறு கட்டினோம். அன்றைக்கு ரெண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

போன மாதம் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பதிந்தோம். சீன டாக்டரம்மா. தமிழ் நர்ஸ், "மனசு சரியில்லையா பாட்டி?" என்றதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கென்ன பைத்தியமா?" டாக்டர் அந்தப் பேச்சை விட்டு வலியைப் பற்றியே கேட்டார். எந்த நேரத்தில் அதிகம், அப்போது என்ன ஞாபகம் வரும் என்று.

"நாலு மணிக்கு. பக்கத்து நிரையில மரம் வெட்டுன பொம்பளைங்க ஞாபகம் வரும். எல்லாரும் எங்க போனாங்கன்னே தெரியலை."

அத்தை அழுது அன்றுதான் பார்த்தேன்.

டாக்டருடைய பாட்டியும் இப்படித்தானாம். சீனர்கள் அதை நரம்புத் தளர்ச்சி என்பார்களாம். ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவின் ஹூனான் மாகாணத்தில் அந்தப் பெயர் சொல்லப்பட்ட 100 நோயாளிகளைப் பார்த்தாராம். 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு என்று 1982-இல் எழுதியிருக்கிறார். அவர்களும் தலைவலி, தூக்கமில்லை என்று வந்தவர்கள்தான். கலாசாரப் புரட்சிக் காலத்தில் அங்கே மனச்சோர்வு என்றால் அரசியல் கோளாறாகப் பார்த்தார்களாம். நரம்பு என்றால் பழி இல்லை. நம் ஊரில் மட்டும் என்ன? மனசு என்று வாயைத் திறந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வருமா?

அக்கா, அப்பா போனதிலிருந்து அம்மா, "நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு" என்கிறாள். ஈசிஜி நன்றாக இருக்கிறது என்றதும் அண்ணன் நடிப்பு என்றான். நானும் போனில், "சும்மா படுத்துக் கிடக்காதம்மா" என்று கடிந்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே தாங்கவில்லை. அவள் ஒளிக்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறாள். ஈரக்குலை நடுங்குது, வயிறு எரியுது என்று நாமும் உடம்பை வைத்துத்தானே துக்கம் பேசுகிறோம்.

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போ. முதலில் 14416-க்குப் போன் பண்ணு. இந்திய அரசாங்கத்தின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். கோடங்கியிடம் போக வேண்டும் என்றால் அம்மாவைத் தடுக்காதே, அதுவும் நடக்கட்டும். டாக்டரிடம் மனச்சோர்வு என்று நீ சொல்லாதே, கல் என்றே அம்மா சொல்லட்டும்.

அத்தைக்கு மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. நாலு மணிக்கு விழித்தால் நானும் எழுந்து காப்பி போடுகிறேன். பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்று சொல்லித் தருகிறார்.

அந்தக் கல் எந்த நேரத்தில் அதிகம் கனக்கிறது என்று அம்மாவிடம் கேட்டு எழுது.

உன் தங்கை